ஞாயிற்றுக்கிழமை ட்ரிப்

அது அவனுடைய வேன்தான். சந்தேகமே இல்லை.

படப்பையிலிருந்து தாம்பரம் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாலகுரு கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். எதிரே வந்து கடந்துபோன வேனின் நெற்றியில் 'முத்தாலம்மாள்' என்று அவன் அம்மா பெயர். அவனே சிவப்பில் எழுத வைத்தது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள். தலை நிறையப் பூ, ஒரே சிரிப்பு.

ஓட்டிக்கொண்டு போனவன் மெக்கானிக் ஜெபசீலன்!

"அடப்பாவி!" என்று அலறியே விட்டான். பக்கத்து சீட்டுக்காரர் தன்னைத்தான் திட்டுகிறானோ என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

பின்னே? காலையில்தானே போனில் கேட்டான்? "இன்னும் செட் ஆவலண்ணா. சாய்ங்காலம் வரிக்கும் டைம் குடு" என்று பம்மல் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பதில் சொன்னானே அந்த உத்தமன்!

வேன் பழசு. கியர் பாக்ஸ் போய்விட்டது. அதே மாடல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வேறு வண்டியின் கியர் பாக்ஸை வாங்கி மாட்டினால், அது கொஞ்சம் குட்டை. அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எட்டவில்லை. அதை வெட்டி, நடுவில் குழாய் சேர்த்து, வெல்டு வைத்து நீட்ட வேண்டும். துளி கோணல் இருந்தாலும் வண்டி உதறும். ஓடும்போது ஒடிந்து தரையில் குத்தினால் வேனையே தூக்கி அடித்துவிடும்.

எல்லாம் சரிதான். அதுவரை கான்ட்ராக்டர் காத்திருப்பாரா? ஒரகடம் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ரூட் அது. பாலகுரு வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு ரூட்டால்தான். இன்றைக்குப் படப்பையில் அவர் வீட்டு வாசலில் நின்று கெஞ்சியதற்குக் கிடைத்த பதில்: "நாளைக்குக் காலைல வண்டி வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

இங்கே என்னடா என்றால், இவன் வண்டியைக் கல்யாண ட்ரிப்புக்கு விட்டுச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறான்!

மண்ணிவாக்கத்தில் குதித்து இறங்கி ஒரு ஆட்டோவைப் பிடித்தான். "படப்பை பக்கம் போன வெள்ளை வேன புடிப்பா, சீக்கிரம்!"

"இன்னா சார், திருட்டுப் போச்சா?"

"அத்தவிட மோசம். ரிப்பேருக்கு உட்டேன்."

ஜெபசீலன் போனை எடுக்கவில்லை. பாலகுரு திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். ஷாஃப்ட் ஒடிந்தால்? வேன் கவிழ்ந்தால்? ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? போலீஸ் யாரைத் தேடிவரும்? இத்தனை பொம்பளைகள் உள்ளே! கடவுளே, கடவுளே.

ஒரு டீக்கடை ஓரமாக வேன் நின்றது. பெண்கள் இறங்கி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

பாலகுரு அதில் ஒன்றைப் பிடித்து இழுத்தான்.

"எழுந்து வாடா வெளிய! என் வண்டில ட்ரிப் அடிக்கிறியா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

ஜெபசீலன் முகமெல்லாம் கிரீஸாக வெளியே வந்தான். "அண்ணா, நீ எங்க இங்க?"

"நான் எங்கயா? நாளைக்கு எம் பொழப்பே போவப் போவுது, நீ ஊர்கோலம் போய்கினு கீற! யார்ரா இவங்கல்லாம்? எவ்ளோ வாங்கின?"

டீ கிளாஸோடு ஒருத்தி முன்னே வந்தாள்.

"அண்ணா, என்னைத் தெரியல? ஜான்சி. இவர் வூட்டுக்காரி."

பாலகுரு மற்ற பெண்களைப் பார்த்தான்.

"இது என் தங்கச்சிங்க. அது இவர் அக்கா ஷீலா. மத்ததெல்லாம் அக்கம்பக்கத்து வூடு. சர்ச்சுல சபை முடிஞ்சு வெளிய வந்தோம். எல்லாரும் ஏறுங்கன்னாரு, ஏறிட்டோம். ஒரகடம் வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்ததுக்கே இடுப்பு கழண்டுபோச்சு."

"ஒரகடமா?"

"ஒன் ரூட்டுதாண்ணா" என்றான் ஜெபசீலன். "வெறும் வண்டி நல்லாத்தான் ஓடும். ஆள் ஏறினா பின்னாடி அமுங்கும், ஷாஃப்ட் நிக்கிற வாட்டமே மாறிடும். அப்பதான் வெல்டு தாங்குதா இல்லியான்னு தெரியும். இது ரெண்டாவது ரவுண்டு. இப்ப அடில படுத்துப் பாத்தேன், கல்லு மாதிரி கீது. நாளைக்குத் தைரியமா எடுத்துக்கினு போ."

பாலகுருவுக்கு அப்பாடா என்று இருந்தது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றுதான் தெரியவில்லை.

"அதுக்கு சொந்தப் பொண்டாட்டியவா ஏத்துவ? மணல் மூட்டைய ஏத்திப் பாக்கறது!"

"நேத்தே பாத்தேன். இதே வெயிட்டு, இதே ரோடு. ஒரு சத்தமும் இல்ல. ரெடின்னு சொல்ல போனக்கூட கையில எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

ஜெபசீலன் மனைவியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மனசு கேக்கல, காலைல இவங்கள ஏத்தினேன். முடிச்சூர் தாண்டல, அடில 'டக்கு டக்கு'ன்னு ஒரு சத்தம். ஒடனே திரும்பி, வெல்டு வெச்ச லேத்துக்காரன் வூட்டுக் கதவத் தட்டி, மறுபடி வெட்டி ஒட்டினேன். அதுக்கப்புறம்தான் இந்த ரெண்டு ரவுண்டும். அந்தச் சத்தம் நேத்தும் இருந்திருக்கும்ணா. மூட்டைய ஏத்தினப்ப என் காதுல வுழல."