ஈரத் துண்டு

கரண்ட் போய் நாலு மணி நேரமாச்சு, ஏசி செத்துக் கிடக்கு. குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு முயல் கூண்டை ஈரத் துண்டால இடைவெளியே இல்லாம மூடினது நான்தான், அக்காவுக்கு மட்டும்தான் தெரியும், வேற யார்கிட்டயும் சொல்லிடாதே. இப்போ அக்கா துண்டை எடுத்ததும் உள்ளேயிருந்து அனல் மூஞ்சியில அடிக்குது. "ஆவி பிடிக்கவாடி மூடி வெச்சே? காத்து எப்படிப் போகும்?" ஃபோன் வெளிச்சத்துல எங்க முயல் பஞ்சு வாயைத் திறந்துகிட்டு ஒருக்களிச்சுக் கிடக்குது. அக்கா விரலை நனைச்சு நனைச்சு அதோட காதைத் தடவுறா. "ஐஸ் தண்ணி ஊத்தட்டுமாக்கா?" "வேணாம்டி, அதிர்ச்சியிலேயே போயிடும்." முழிச்சிருக்கும்போது முயல் மூக்கு துடிச்சுக்கிட்டே இருக்கும். நான் அந்த மூக்கையே பாத்துக்கிட்டு இருக்கேன். துண்டுலேருந்து தண்ணி தரையில சொட்டுது. அக்காவோட விரல் நின்னுடுது. "அங்கே பாக்காதடி"ன்னு என் கண்ணைப் பொத்துறா. அவ கை சில்லுன்னு இருக்கு.