ஓட்டம் வந்த நாள்

விபத்துக்கு முன்னால் செண்பகவல்லி மாவட்டக் கபடி அணியில் ஆடியவள். அவளுடைய செயற்கைக் கால் நன்றாக நடக்கும், படி ஏறும். ஓட மட்டும் ஓடாது. அதற்கான சாஃப்ட்வேர் எப்போது வரும் என்று பாளையங்கோட்டை செயற்கைக் கால் மையத்தில் கேட்கும்போதெல்லாம், டெக்னீஷியன் ஜெபராஜ் இன்னும் வேகமாக ஓடக்கூடிய புது மாடலைக் காட்டுவான். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்புவாள். அந்தக் காலும் நடக்க மட்டும்தான் செய்யும்.

ஓட்டம் வந்துவிட்டது என்று நேற்று செய்தியில் சொன்னார்கள். காலையிலேயே மையத்துக்குப் போய், சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதுக்கு இல்லக்கா," என்றான் ஜெபராஜ். "நீங்க மொத மொதல்ல போட்டிருந்தீங்கல்லா, அந்தக் காலுக்குத்தான் வந்திருக்கு."

"புதுசுக்கெல்லாம்?"

"சாஃப்ட்வேர எழுதி முடிக்கதுக்குள்ள அடுத்த மாடல் வந்திருது. எழுதினத அப்படியே போட்டுட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்காங்க. யாரோ ஒருத்தர் மட்டும் பழசையே விடாம எழுதியிருக்காரு."

"என் பழைய கால் இங்கதான இருக்கும். எடுத்துக் குடு."

ஜெபராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பழசையெல்லாம் உருக்கித்தான்க்கா, இப்ப நீங்க போட்டிருக்கதச் செஞ்சிருக்கு."