அம்பு ஸ்டிக்கர்

காலை ஆறு நாற்பதுக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது.

மனைவி உள்ளே வரும்போது அவளுடைய துப்பட்டாவைத்தான் அவன் பார்த்தான். முந்தின நாள் இஸ்திரி போட்டது. நான்கு மடிப்புக் கோடுகளும் அப்படியே இருந்தன.

முகம் கழுவியிருந்தாள்.

"ஒன்றர மணி நேரம் நடந்துட்டு வர்ற. வேர்க்கவே இல்லியா?"

"காத்து நல்லா அடிச்சுதுங்க."

பங்குனி மாதம். திருப்பூரில் ஓர் இலை அசையவில்லை.

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது.

ஓடப்போகிறேன் என்று தை மாதத்தில் சொன்னாள். பக்கத்துத் தெரு டீச்சரும் ஓடுகிறாராம். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்குப் போய் அவனே துணி எடுத்து வந்தான். தொளதொளவென்று காட்டன் சுடிதார், முழுக்கை. துப்பட்டா.

இதுதான் வசதி, நடந்தால் போதும் என்றான்.

பத்தொன்பது வருடமாக பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை, குறையுள்ள பீஸைக் கழிக்கும் வேலை. துணி விஷயத்தில் அவன் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அவள் சரி என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி என்றது முதலில் உறுத்தியது.

பிறகு வாஸ்லின் டப்பா. பனிவெடிப்புக்கு வாங்கியது; பனி போய் ஒரு மாதமாகிறது. டப்பா பாதியாகியிருந்தது.

பிறகு மருதாசலம். போன வாரம், எதிர் மேசையிலிருந்து.

"ஏம் மாப்ள, உங்கூட்டுல வெடியால அஞ்சு மணிக்கே டிக்கில பைய வெச்சுட்டுப் பறக்குறாங்க? நடக்கறதுக்கு எதுக்கப்பா பையி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்று குறையில்லாத ஏழு பீஸைக் கழித்துப் போட்டிருந்தான்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

டிக்கிக்குள் மஞ்சள் பை. கையை விடுமுன் ஒரு கணம் நின்றான். உள்ளே எது இருந்தால் என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஈரம்.

கறுப்பு ஷார்ட்ஸ் ஒன்று. கையில்லாத பனியன் ஒன்று. பிழியலாம் போல வேர்வை. ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பாலியஸ்டர். தட்டைத் தையல், தொடையில் உராயாதது. போன வருடம் அவன் மேசைக்கு வந்த ஆர்டர். வெளிநாட்டுப் பெண்கள் நெடுந்தூரம் ஓடுவதற்கு. காட்டன் வேர்வையில் ஊறிக் கனக்கும், தொடையை அறுத்துவிடும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவன்தான் விளக்கினான்.

இடுப்புப் பட்டையைத் திருப்பினான்.

பசை காய்ந்த தடம். அம்பு வடிவம். குறையுள்ள இடத்தைக் காட்டி அவன் ஒட்டும் ஸ்டிக்கர். அப்படிக் கழித்ததெல்லாம் காதர்பேட்டை மலிவுக் கடைகளுக்குக் கிலோக் கணக்கில் போய்விடும்.

அம்பு காட்டிய இடத்தில் இரண்டு அங்குலம் தையல் விட்டிருந்தது.

அதைக் கையால் தைத்திருந்தாள். பச்சை நூல். வீட்டுத் தையல் டப்பாவில் இருக்கும் நூல்தான். தையல்கள் எறும்பு வரிசைபோல் நெருக்கமாக இருந்தன.

இழுத்துப் பார்த்தான். விடவில்லை.

தாழ்ப்பாள் திறந்தது.

தலையில் துண்டோடு வாசல் வரை வந்தவள் அவன் கையில் இருப்பதைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

அவன் கட்டைவிரல் பச்சை நூலின்மேல் இருந்தது.

"எத்தன கிலோமீட்டரு?"