சர்க்கரை குத்திய முத்திரை

"தட்டை மாத்தி வெச்சிட்டியா?"

மூன்றாவது கரண்டி சர்க்கரையை டீயில் கலக்கியபடி ஆராய்ச்சியாளர் மனைவியிடம் குதித்தார். ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளரும் அவள்தான்.

"இல்லீங்க!"

கண்ணாடித் தட்டில் வளரும் தோல் செல்களைக் கீறினால், சர்க்கரை நோயாளியுடையதில் அந்தக் கீறல் ஆமை வேகத்தில்தான் மூடும். நோயில்லை என்று சொல்லி ஆய்வகத்தில் எல்லோரும் கொடுத்த தோல்களில் ஒன்றும் இப்போது அதே ஆமையாக நகர்ந்தது. அது யாருடையதென்று மனைவிக்கு மட்டுமே தெரியும். ஆய்வு முறை அப்படி.

"தட்டுல சர்க்கரையைக் குறைச்சு செல்லை வளர்த்தாலும், உடம்புல இருந்த பழைய சர்க்கரை, மரபணு மேல குத்தின முத்திரை லேசுல அழியாதும்மா. எவனோ நம்மகிட்ட முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கான்!"

"மறைக்கலீங்க. பாவம், அவருக்கே தெரியாது" என்ற மனைவி, அவர் கையிலிருந்த டீயை வாங்கித் தள்ளி வைத்தாள்.

"சட்டைக் கையை மடிங்க, ரத்தம் எடுக்கணும்."