மாற்றக் கூடாத பேச்சாளர்

நாரைகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவு நடத்த நிதி கேட்டு, விலங்கியல் பேராசிரியை நசீமா மூன்று வருடமாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தாள். அனுமதிக் கடிதம் வந்தபோது, பேச வேண்டிய நாரை ஆய்வாளர் எட்வின் சார் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

“பேச்சாளர் பேர மாத்துனா மறுபடி மொதல்லேர்ந்து அப்ளை பண்ணணும் மேடம்” என்றார் பிரிவு அலுவலர், வருத்தத்தோடுதான்.

அந்தப் பெயரை அடிக்க நசீமாவுக்கு மனசு வரவில்லை. குறித்த நாளில் மேடையில் எட்வின் சாருக்கு நாற்காலி போட்டு, மைக் வைத்து, அவர் எப்போதும் குடிக்கும் வெந்நீரையும் ஃபிளாஸ்க்கில் வைத்தாள். நடந்ததைச் சபையிடம் சொல்லிவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தாள். சொற்பொழிவுக்கான ஒரு மணி நேரமும் அந்தக் காலி நாற்காலியை விட்டு யாரும் எழுந்து போகவில்லை.

கேள்வி நேரம் என்று அவள் அறிவித்ததும், பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்திருந்த ஒரு பெண் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

“சார், எங்க ஏரிக்கு வருசா வருசம் நாரைங்க வரும். இப்பவும் தண்ணி கெடக்கு, மீனு கெடக்கு. ஆனா வர மாட்டேங்குதுங்க. நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டமா?”

நசீமா மேடையேறி, மைக்கை நாற்காலிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.