ஜெர்கின் போட்டவர் யார்?

சாருமதி தன் பழைய ஜெர்கினை ஒரு விற்பனைத் தளத்திலிருந்த தன் சின்னக் கடையில் விற்றபோது, 'ஒரிஜினல், நான் மட்டுமே போட்டது' என்று நம்பித்தான் எழுதினாள். அதை வாங்கிய ஜெனிபர் மறுநாளே வீடியோ அழைப்பில் வந்து சண்டைக்கு நின்றாள்.

"அக்கா, போடுறவங்க சூட்டைப் பதிஞ்சு வைக்கிற நூல் இதுல இருக்கே, அதை ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டேன். உங்க உடம்புச் சூடு இதுல கொஞ்சம்தான் இருக்கு. வேற யாரோ வாரா வாரம் போட்டிருக்காங்க. திருட்டுத் துணியை என் தலையில கட்டப் பார்க்கிறீங்களா?"

சாருமதி வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டாள். நூலில் பதிந்த சூடு யாருடையதென்று சாயங்காலத்துக்குள் போட்டவரே திரையில் விரல் வைத்துக் காட்டாவிட்டால், அவளுடைய கடையையே தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். கணவன் முகிலன் விரலை வைத்துப் பார்த்தான். திரை சிவந்தது.

அடுப்படியிலிருந்து மாமியார் கோமளவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தன் விரலை வைத்தார். திரை பச்சையானது.

"அத்தை, நீங்களா?"

"வெள்ளிக்கிழமை பஜனைக்குன்னு கிளம்புவேன்ல... பைக் ஓட்டக் கத்துக்கிட்டேன் சாரு. காத்து நெஞ்சுல அடிக்குது, அதான் எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

ஜெனிபருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "புகாரை வாபஸ் வாங்கிட்டேன் ஆன்ட்டி. ஜெர்கினையும் திருப்பி அனுப்பிடறேன், நீங்களே போடுங்க."

"வேண்டாம்மா, நீயே வச்சுக்க. எனக்கு அது தோள்ல பிடிக்குது" என்றார் கோமளவல்லி. பிறகு மருமகளிடம் குரலைத் தாழ்த்தி, "லைசென்ஸ் வந்துருச்சு. ஒரு ரவுண்டு போவோமா?" என்று கேட்டார்.

முகிலன் வாயைத் திறப்பதற்குள் சாருமதி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.