ஏணிக்கு மாலை

ஏணிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, ரைஸ் மில் முதலாளி தங்கதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பச்சைப் பெயிண்ட் மினுங்கும் மர ஏணி, சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக நெல் ஊறவைக்கும் தொட்டியில் சாய்ந்து நின்றது.

"இனிமே நம்ம மில்லுல ஒரு கெட்டதும் நடக்கக் கூடாது, தாயே!" என்று பூசணிக்காயை ஓங்கி உடைத்தார்.

கூலிப் பெண்களோடு நின்ற நிர்மலா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் இதே தொட்டியருகில் பழைய ஏணியின் படி முறிந்து அவள் புருஷன் பச்சமுத்து விழுந்தான். ஆள் உயரம்கூட இல்லை. இடுப்பெலும்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த தங்கதுரை, கட்டிலருகே நின்று பல் குத்திக்கொண்டே கேட்டது இன்னும் அவள் காதில் இருந்தது.

"இம்மாத்தூண்டு ஒசரத்துல வுழுந்ததுக்கா இம்மாம் பெரிய கட்டு?"

புருஷனின் வேலையை அவள் பார்க்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அவளும் விழுந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நாதியில்லை. அதனால், புது ஏணி வந்தால்தான் ஏறுவேன் என்று சொல்லியிருந்தாள்.

"பாருடி, மாப்ள கணக்கா மாலயும் கழுத்துமா நிக்குது," என்றாள் கூட வேலை செய்யும் தைலம்மாள்.

"நீயே கட்டிக்கோக்கா."

பெண்கள் சிரித்தார்கள். தங்கதுரை சிரிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு மறுபடி வந்து, நடுப்படியில் மட்டும் இன்னும் கொஞ்சம் கெட்டியாக அப்பினார்.

"இன்னாம்மா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? நெல்லு ஊற வேணாமா? ஏறு."

பூஜை போட்ட ஏணியில் செருப்புக் காலை வைக்க நிர்மலாவுக்கு மனம் வரவில்லை. கழற்றி ஓரமாக விட்டாள். நெல் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

நடுப்படியில் கால் வைத்ததும் உள்ளங்காலில் சுருக்கென்று குத்தியது. மெதுவாக இறங்கி, கூடையைத் தரையில் வைத்துவிட்டு, அந்தப் படியின் சந்தனத்தை விரலால் வழித்தாள்.

முறிந்த படியை இழுத்துச் சேர்த்துக் கட்டிய கட்டுக்கம்பி. அதன்மேலும் பச்சைப் பெயிண்ட்.

"மொதலாளி... இது அவரு வுழுந்த ஏணி."

எல்லாரும் தங்கதுரையைப் பார்த்தார்கள். அவர் சந்தனக் கையைத் துண்டில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"செருப்பப் போட்டுக்கினு ஏற வேண்டியதுதான?"